நாலு விரல் கீழே

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிவி சீரியலில் வந்த அந்தப் பொம்மையைத் தைத்தவன் நான். பழைய பனியன் துணியில் உடம்பு, உள்ளே பஞ்சு, கனத்துக்காக இடுப்புப் பக்கம் ஒரு பை மணல். தூக்கும்போது கை இரண்டும் தொங்க வேண்டும், கழுத்து மட்டும் கொஞ்சம் விறைப்பாக நிற்க வேண்டும் என்றார்கள். மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். அதை மடியில் போட்டுக்கொண்ட ஆயாவின் வெள்ளை உடுப்புக்கு அளவெடுத்ததும் நான்தான். இவ்வளவும் தெரிந்தவன், காட்சி டிவியில் வந்த பிறகு என் சொந்தப் பேத்தியை எதிர்வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆகவே நான் ஊரைக் குறை சொல்லும்போதெல்லாம் என்னையும் சேர்த்தே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டில் இருந்தவளைத் தெருவில் எல்லோரும் தொட்டிலம்மா என்றுதான் கூப்பிட்டோம். வேலைக்குப் போகிற பெண்கள் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், சாயங்காலம் ஆறு மணி வரை பார்த்துக்கொள்வாள். முன்னறையில் இரண்டு மரத் தொட்டில்கள், சுவரோரம் பாய்கள், ஜன்னல் திண்டில் வரிசையாகப் பால் புட்டிகள். பதினொரு பிள்ளைகள் இருந்தன. விடிவதற்கு முன்பே எழுந்து புட்டிகளைக் கொதிக்க வைப்பாள், சோற்றைக் குழைய வேகவிடுவாள், உருளைக்கிழங்கை மசிப்பாள், ரொட்டியைப் பாலில் ஊறப்போடுவாள். எந்தப் பிள்ளை துப்பும், எந்தப் பிள்ளை கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஏமாற்றும் என்று அவளுக்கு மனப்பாடம். வாசலில் இரண்டு கொடி கட்டியிருந்தாள். அதில் தொங்குகிற இடுப்புத் துணிகளைப் பார்த்தே இன்றைக்கு எத்தனை பிள்ளை வந்திருக்கிறது என்று நான் கடையில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவேன். மழைக்காலத்தில் துணி காயாது. ஈரத்தைக் கூடையோடு தூக்கிக்கொண்டு என் தையல்கடைக்கு வந்து, என் இஸ்திரிப் பெட்டியை வாங்கி ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காயவைப்பாள். கடை முழுக்கக் குழந்தை மணமும் ஆவியுமாக இருக்கும். வாடிக்கையாளர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நான் கண்டுகொள்ள மாட்டேன்.

அவள் புருஷன் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக். "ஏறுறதும் எறங்குறதும்தான் நம்ம பொழப்பு, ஆனா ஒரு அடி முன்னேற மாட்டோம்" என்று அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்வார். ஒரே மகள். பேக்கிங் கம்பெனியில் வேலை, கல்யாணமாகிப் புகுந்த வீட்டில் இருந்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். பிரசவ லீவு மூன்று மாதம்தான். அது முடிந்து மகள் வேலைக்குத் திரும்புகிற அன்று, பேரப்பிள்ளை தொட்டிலம்மா கைக்கு வரும். அது முடிந்துபோன பேச்சு. மூன்றாவது தொட்டிலுக்கு மரம் கூட எடுத்து வைத்துவிட்டார் லிஃப்ட்காரர். "ஊரான் பிள்ளையெல்லாம் இருவது வருஷம் ஆட்டிட்டேன், இப்பத்தான் என் பிள்ள வருது" என்று தொட்டிலம்மா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய குடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே விளங்காது. சிணுங்குகிற பிள்ளையை நீட்டிய காலில் கிடத்துவாள். இடது கையை விரித்துப் பிள்ளையின் கண்ணுக்கு மேலே, படாமல், நிழலாகப் பிடிப்பாள். வலது கை இடுப்பில் தட்டும். பாட்டெல்லாம் கிடையாது, ஒரே சுருதியில் 'ம்' என்று இழுப்பாள். இருட்டிவிட்டதோ என்று பிள்ளை யோசிப்பதற்குள் தூங்கிவிடும். இதற்குத்தான் தெருவில் குடை என்று பெயர். வேலைக்குப் போன தாய்மார் மத்தியானம் போனில், "அக்கா, குடை புடிச்சாச்சா?" என்று கேட்பார்கள். என் பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. தூக்கம் வந்தால் அதுவே தரையில் படுத்து 'ம்' என்று இழுத்துக் குடை கேட்கும்.

ஏழரை மணி சீரியலை எடுக்கிறவர்கள், தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். ஆயாவாக நடிக்க வந்த அம்மாள் முதல் நாளே படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாள். கிட்டத்தில் வைத்து எடுக்கிற காட்சிகளுக்கு நிஜக் குழந்தை ஒன்று இருந்தது. அதைச் சமாதானப்படுத்தத் தொட்டிலம்மாவைக் கூப்பிட்டார்கள். மறுநாள் அவள் என் கடைக்கு வந்து இஸ்திரிப் பெட்டியைக்கூடக் கேட்காமல் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லாமயே சிரிப்பு வருதே, உன் மூஞ்சியப் பாத்தா."

"என்ன நடிக்கச் சொல்றாங்க."

"ஆயா வேஷம்தானே? அதுக்கு எதுக்கு நடிப்பு, போய் நின்னாலே போதுமே."

"நல்ல ஆயா இல்லண்ணே. யாரோ சொத்துக்கு ஆசப்பட்டுச் சொன்னாங்கன்னு பச்சப்புள்ளய மூச்சடக்கிக் கொல்றவ."

"உன்னால முடியுமா?"

"அதான் எனக்கும் பாக்கணும்னு இருக்கு" என்றாள்.

பொம்மையின் கழுத்து பிரிந்துவிட்டது என்று என்னையும் ஊசி நூலோடு கூப்பிட்டிருந்தார்கள். அதனால் அந்தக் காட்சி எடுக்கும்போது நான் அங்கேயே இருந்தேன். டைரக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். "நீங்க எப்பவும் எப்படிம்மா தூங்க வெப்பீங்க? சும்மா காட்டுங்க" என்றார். இவள் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பொம்மைக்குக் குடை பிடித்தாள். அவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இதேதாம்மா. இதே கை, இதே முகம். கோபமெல்லாம் வேண்டாம். கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கீழ வரட்டும்."

"எவ்ளோ தம்பி?"

"ஒரு நாலு விரல்."

அவள் பொம்மையின் கண்ணிலிருந்து மூக்குக்கும் வாய்க்கும் தன் விரலை வைத்தே அளந்து பார்த்துக்கொண்டாள். "சரி" என்றாள்.

செய்தாள். 'ம்' நிற்கவில்லை, தட்டுகிற கை நிற்கவில்லை, முகத்தில் இருந்த அன்பு ஒரு துளி குறையவில்லை. இடது கை மட்டும் கீழே வந்தது. நான் தைத்த பொம்மை, நான் போட்ட மணல். ஆனாலும் நான் ஓரடி முன்னால் போய்விட்டேன். டைரக்டர் கட் என்றார். அப்புறம் விளக்குப் பிடிக்கிறவரிலிருந்து டீ ஊற்றுகிறவர் வரை எல்லோரும் கை தட்டினார்கள். இவள் பொம்மையைத் திருப்பிப் பார்த்து, "அய்யய்யோ, மறுபடியும் கழுத்து பிரிஞ்சிருச்சு அண்ணே" என்று சிரித்தாள்.

திரும்பி நடக்கும்போது கேட்டாள். "நல்லா பண்ணேனாண்ணே?"

"ரொம்ப நல்லா பண்ணேம்மா."

"எனக்கு அம்பத்திரண்டு வயசு. நான் செஞ்ச ஒரு காரியத்துக்கு ஜனங்க கை தட்டி இன்னிக்குத்தான் பாக்கறேன்." அவள் கண் கலங்கியிருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

மூன்று நாள் வேலை என்று சொல்லிக் கூப்பிட்டவர்கள், இன்னும் வா, இன்னும் வா என்று இழுத்துக்கொண்டே போனார்கள். ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலமுமாகப் போய் நடித்துவிட்டு வந்தாள். பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூட ரொட்டி ஊறாமல் இருந்ததில்லை.

அந்தக் காட்சி ஒரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஏழரை மணிக்கு வந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே 'ம்' கேட்டது. கை கீழே இறங்கியதும் என் மனைவி, மடியில் தூங்கிக்கொண்டிருந்த பேத்தியை அள்ளி அணைத்துக்கொண்டாள். குழந்தை வீரிட்டு அழுதது. மறுநாள் கொடியில் ஆறு துணிதான் தொங்கியது.

முதலில் சாக்குப் போக்குதான். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் பிள்ளை ஆறு மாதத்திலிருந்து தொட்டிலம்மாவிடம் வளர்ந்தது. அவள் வாசலோடு நின்று சொன்னது என் காதில் விழுந்தது.

"அக்கா, எங்க அத்த வந்திருக்காங்க. கொஞ்ச நாளைக்கு அவங்களே பாத்துக்கறேன்னாங்க."

"எத்தன நாளைக்கு?"

"பாக்கலாங்க்கா."

"அவனுக்கு முட்ட மஞ்சக்கரு ஒத்துக்காதுன்னு சொல்லிடு அத்தகிட்ட" என்றாள் தொட்டிலம்மா.

இரண்டு நாள் கழித்து அதே பெண் சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க என் கடைக்கு வந்தாள். எனக்கு ஆத்திரம்.

"ஏம்மா, நடிப்புன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னங்க. படிச்சவதான் நான்."

"அப்புறம்?"

"அதே கைங்க. அதே 'ம்'. என் பிள்ளைக்கு தினமும் பண்றது. வேற எப்படியாவது கொன்னிருந்தாங்கன்னா நான் கவலையே பட்டிருக்க மாட்டேன். கத்தியால குத்தியிருந்தாக்கூட."

"அதனால?"

"கொஞ்சம் கீழ எறக்கினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, டெய்லரே. எனக்கு இத்தன நாளா தெரியாது. இப்ப அந்தக் கையப் பாத்தா எனக்கு அதுதான் தோணுது. நான் வேலையில உக்காந்து டிக்கெட் கிழிப்பேனா, இதையே நெனச்சுக்கிட்டிருப்பேனா?"

அவள் சொன்னது அநியாயம்தான். ஆனால் நான் சட்டையை வாங்கி அளவைக் குறித்துக்கொண்டேன். அன்று வீட்டில் என் மனைவி, "நெருப்பில்லாம பொகையுமா? மனசுல கொஞ்சமாவது இல்லாமயா அப்படி வரும்? ஒரு வாரம் போகட்டுங்க, அப்புறம் விடலாம்" என்றாள். வாயில் நூலைக் கடித்துக்கொண்டிருந்ததால் நான் பேசவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நூலைத் துப்பிய பிறகும் பேசவில்லை.

ஆறு துணி நாலானது, நாலு இரண்டானது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, நல்ல வெயில். காய வைக்கத் துணி இல்லாத நேரத்தில் அப்படி ஒரு வெயில். கடைத்தெருவில் அவள் வந்தால் பெண்கள் பிள்ளையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். காய்கறிக்காரி தராசைத் தட்டி, "நீயெல்லாம் நல்லா இருப்பியா? நாசமாப் போக!" என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். இருபது வருஷமாக அவளிடம் காய் வாங்குகிறவள் இவள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ரசிகர்கள் என்று வந்தவர்களும் உண்டு. அக்கா தங்கை இரண்டு பேர் ஊரின் அந்தக் கோடியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தார்கள்.

"அய்யோ, நெஜமாவே நீங்கதானா! எங்க வீட்ல உங்களத் திட்டாத நாளே இல்லம்மா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "ஒரே ஒரு தடவ அந்தக் கையக் காட்டுங்களேன்."

தொட்டிலம்மா தண்ணீர் கொடுத்தாள். "வீட்ல பிள்ளைங்க இருக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒரு பையன், ரெண்டு வயசு. வெளிய ஆட்டோல அவங்கப்பாகிட்ட இருக்கான்."

"வெயில்ல எதுக்கு ஆட்டோல? உள்ள கூட்டிட்டு வரலாமே."

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். "இல்லம்மா, பரவாயில்ல" என்று இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் மகளுக்குப் பிரசவமானது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த லிஃப்ட்காரர் நேராக என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா கையிலேயே வெச்சிருந்தாங்க டெய்லரே. இவ கைய நீட்டினா. கை கழுவிட்டு வாங்கன்னாங்க. கழுவினா. சோப்புப் போட்டுக் கழுவுங்கன்னாங்க. அதுவும் கழுவினா. மூணாவது தடவ, புள்ள தூங்குதுன்னுட்டாங்க. கண்ண முழிச்சு எங்களையே பாத்துக்கிட்டிருக்குது புள்ள!"

"மக ஒண்ணும் சொல்லலயா?"

"செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா." அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "லீவு முடிஞ்சா வேற எடம் பாத்துக்கறாங்களாம். மூணு வயசு வரைக்கும் அந்தக் குடைக்குக் கீழ தூங்கினவ டெய்லரே அவ."

என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பேத்தியைக் கடையிலேயே வைத்துக்கொண்டோம். கத்திரியும் ஊசியும் கொக்கியும் சூடான இஸ்திரிப் பெட்டியும் இருக்கிற இடத்தில். ஒரு நாள் மத்தியானம் நான் காலரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, குழந்தை சத்தமில்லாமல் கையை ஆட்டியது. முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. பொத்தான் ஒன்றை விழுங்கியிருந்தது. என் மனைவி போட்ட கூச்சலில் தொட்டிலம்மா தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். வாசற்படியில் கால் வைத்தவள் குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

"தொடாத!" என்று கத்தினாள் என் மனைவி.

தொட்டிலம்மா அங்கேயே நின்றாள். ஒரு நொடிதான். "அண்ணே, தலைகீழா புடிங்க. கால் மேல போட்டுக்கங்க. ரெண்டு தோளுக்கும் நடுவுல, உள்ளங்கையால, ஓங்கித் தட்டுங்க. பயப்படாதீங்க, ஓங்கி! இன்னொண்ணு. இன்னொண்ணு" என்று படிக்கு வெளியிலிருந்தே சொன்னாள். நாலாவது தட்டில் பொத்தான் தெறித்து விழுந்தது. குழந்தை அழுதது. அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கையைக் கீழே போட்டாள். திரும்பி நடந்து போய்விட்டாள்.

"நல்லவேளை, நம்ம கையிலயே இருந்துச்சு" என்றாள் என் மனைவி. அவளை நான் அன்றைக்கு அடிக்காமல் இருந்தது பெரிய காரியம். என்னை அடிக்கவும் யாரும் இல்லை.

மகளின் லீவு முடிய மூன்று வாரம் இருக்கும்போது லிஃப்ட்காரர் யாரிடமும் சொல்லாமல் டைரக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதை என் கடையில் வைத்துத்தான் பெண்டாட்டியிடம் சொன்னார். வீட்டில் சொல்லப் பயம் போல.

"கால்ல விழாத குறையாக் கேட்டுட்டு வந்தேன். அந்த ஆயாவத் திருந்த வெச்சிடறேன்னுட்டாரு. அந்தக் கொழந்தையோட அம்மா கால்ல விழுந்து அழுது, போலீஸ்ல சரணடையற மாதிரி."

"யாரக் கேட்டுப் போனீங்க?"

"யாரக் கேக்கணும்? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தது யாரு?"

"அவ திருந்தறவ இல்லைங்க" என்றாள் தொட்டிலம்மா. குரலை உயர்த்தவில்லை. "நாலு மாசமா நான்தானே அவளா இருக்கேன். எனக்குத் தெரியாதா? செஞ்சது தப்புன்னே அவளுக்குத் தோணாது. அதனாலதான் ஜனங்க அப்படிப் பயப்படறாங்க. இப்பப் போய் ஓன்னு அழுதா எல்லாம் பொய்யாயிடும்."

"எல்லாமே பொய்தானேடி!"

"அது பொய் இல்ல. நடிப்பு."

"ரெண்டுக்கும் வித்தியாசம் உனக்கும் எனக்கும்தான் தெரியுது. தெருவுல தெரியல. உன் மகளுக்கே தெரியல. இப்ப சொல்லு, உனக்குப் பேத்தி வேணுமா, அந்த ஆயா வேணுமா?"

நான் மிஷினை மிதிப்பதை நிறுத்தியிருந்தேன். அவள் மேஜையிலிருந்த வெட்டுத் துணி ஒன்றை எடுத்து நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பிரித்தாள்.

"பேத்தி" என்றாள்.

திருந்துகிற காட்சி வந்தது. நான் பார்த்தேன். மார்பில் அடித்துக்கொண்டு, மண்ணில் புரண்டு, "நான் பாவி, நான் பாவி" என்று அழுதாள். எனக்குத் தெரிந்தவரை அவள் மோசமாக நடித்தது அன்றைக்கு மட்டும்தான். அழுகை ஓரிடத்தில் நின்று, அடுத்த வசனம் ஞாபகம் வந்ததும் மறுபடி தொடங்கியது. தெருவே கண்ணீர் விட்டது. என் மனைவி முந்தானையால் மூக்கைச் சிந்தி, "பாவம், என்ன இருந்தாலும் மனுஷிதானே" என்றாள்.

மறுநாள் காய்கறிக்காரி இரண்டு தக்காளி கூடப் போட்டு, "போனது போகட்டும். இனிமேலாவது நல்லபடியா இரு" என்றாள். டிக்கெட்காரப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பழசெல்லாம் மறந்துட்டோங்க்கா. மன்னிச்சுட்டோம்."

"யார மன்னிச்ச? என்னையா, அவளயா?"

"என்னக்கா, ரெண்டும் ஒண்ணுதானே" என்று அவள் சிரித்தாள். பிள்ளை பழகிய மடிக்குத் தாவிப் போனது. கொடியில் மறுபடியும் துணி ஏறியது. நானும் பேத்தியைக் கொண்டுபோய் விட்டேன். தொட்டிலம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும். முந்தின சனிக்கிழமையே பழக்கிவிடலாம் என்று குழந்தையோடு வந்தாள். கூடவே சம்பந்தியம்மா. மூன்றாவது தொட்டில் தயாராக இருந்தது. அதற்கு நான் தைத்த சின்ன மெத்தையைக் கொண்டுபோனவன், அப்படியே வாசலில் நின்றுவிட்டேன். தொட்டிலம்மா தலை குளித்து, வெளுத்த புடவை கட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் கேட்காமலே கழுவியிருந்தாள்.

"இந்தாங்க சம்பந்தி, உங்க பேத்தி" என்று அந்தம்மாள் தாராளமாகத் தூக்கி மடியில் வைத்தார். "அழுதுட்டேன் நானு, அன்னிக்கு டிவியில உங்களப் பாத்து. மனசு சுத்தமாயிடுச்சு இல்ல? அது போதும்."

தொட்டிலம்மா அந்தப் பேச்சைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. குழந்தையின் காதுமடலைத் தடவினாள், குதிகாலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மூன்று மாதமாகிவிட்டது அந்தக் குழந்தைக்கு. அன்றைக்குத்தான் அவள் அதைத் தொட்டாள்.

புது மடி, புது வீடு. குழந்தை கத்த ஆரம்பித்தது. தோளில் போட்டாள், நிற்கவில்லை. நடந்தாள், நிற்கவில்லை. மகள்தான் சொன்னாள், "அம்மா, குடை புடிம்மா."

தொட்டிலம்மா ஒரு தடவை மகளை நன்றாகப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். குழந்தையைக் கிடத்தினாள். வலது கை தட்டியது. 'ம்' தொடங்கியது. இடது கை விரிந்து, குழந்தையின் கண்ணுக்கு மேலே வந்து நின்றது. நிழல் விழுந்ததும் குழந்தையின் அழுகை இறங்கி, விம்மலாகி, ஒரு கொட்டாவி வந்தது. அப்பாடா என்று நினைத்தேன்.

பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்த மகளின் கை அப்போதுதான் நீண்டது. அவளுக்கே தெரியாமல் நீண்டது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். தாயின் கைக்குக் கீழே, நாலு விரல் கீழே, குழந்தையின் மூக்குக்கும் வாய்க்கும் மேலே போய், அந்தக் கை குறுக்கே நின்றது. தாயின் கை இறங்கினால் தடுக்கத் தோதாக.

'ம்' நின்றது. மகள் தன் கையைத் தானே பார்த்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஈ... ஈ ஒண்ணு வந்துச்சும்மா."

அந்த அறையில் ஈ இல்லை. பிள்ளைகள் இருக்கிற அறையில் ஒரு ஈயை அவள் விட்டுவைத்ததும் இல்லை.

தொட்டிலம்மா குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி மகள் மடியில் வைத்தாள்.

"நீயே தூங்க வை."

"அம்மா, நான் வேணும்னு..."

"தப்பில்லடி. பெத்தவ கை அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, எழுந்து உள்ளே போய் ரொட்டி ஊறியிருக்கிறதா என்று பார்த்தாள். மற்ற பிள்ளைகளுக்குப் பசி நேரம்.

அந்த மாத முடிவில் எல்லாத் தாய்மாரிடமும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். கெஞ்சினார்கள். டிக்கெட்காரப் பெண் அழுதாள். மகள் இரண்டு தடவை வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். அவளுக்குச் சாப்பாடு போட்டாள், தலை வாரிவிட்டாள், குழந்தையை மட்டும் கையில் வாங்கவில்லை. கொடி இரண்டையும் அவிழ்த்துச் சுருட்டி என் கடையில் கொண்டுவந்து போட்டாள்.

"துணி காயப் போடறதுக்கு வெச்சுக்கங்கண்ணே. அப்படியே அளவும் எடுங்க. புது சீரியல்ல கூப்பிட்டிருக்காங்க."

"என்ன வேஷம்?"

"மாமியார். ரெண்டு மருமகளையும் கொல்லப் போறாளாம். திருந்தவே மாட்டாளாம், முன்கூட்டியே கேட்டு வாங்கிட்டேன்."

"வேண்டாம்மா. கொஞ்ச நாள் போனா உன் மக தானா வருவா. இன்னொரு தடவ இந்த வம்பு எதுக்கு?"

"அண்ணே, அங்க நான் எவ்ளோ கெட்டவளா இருந்தாலும், கட்டுன்னு ஒரு வார்த்த சொன்னா எல்லாரும் நிறுத்திடறாங்க. லைட்டு புடிக்கிறவரு, அம்மா தண்ணி குடிங்கன்னு கொண்டாந்து குடுக்கறாரு. டைரக்டரு எந்திரிச்சு நின்னு நாற்காலி போடறாரு. இங்க யாருண்ணே கட்டு சொல்றது?"

நான் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டேன். கையை நீட்டம்மா என்றேன். இடது கையை நீட்டினாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை வைத்து அளந்தேன். தரையில் விளையாடிக்கொண்டிருந்த என் பேத்தி, அவளைப் பார்த்ததும் மல்லாந்து படுத்து 'ம்' என்று இழுத்தது. உள்ளேயிருந்து என் மனைவி வேகமாக வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். தொட்டிலம்மா நீட்டிய கையை நீட்டியபடியே நின்றாள். எனக்கு அளவு மறந்துபோய்விட்டது. மறுபடியும் தோளிலிருந்து ஆரம்பித்தேன்.